மணவறை கட்டிய எங்கள் அக்கா

அக்காவின் முதலாண்டு நினைவு நாளில் உங்கள் கைக்கு வரும் இந்த நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று மாமா சொல்லிவிட்டார். மாமா என்றால் அக்காவின் கணவர். மறுத்துப் பேச முடியாது. எங்கள் வீட்டில் எஸ்.எஸ்.எல்.சி. வரை எட்டிப் பார்த்தவள் நான் ஒருத்தி என்பது ஒரு காரணம். இருபது வருஷமாக அக்காவோடு கல்யாணப் பூ வேலைக்குப் போய் வந்தவள் என்பது இன்னொரு காரணம். எழுத உட்கார்ந்தால் அழுகைக்கு முன்னால் அசதிதான் வருகிறது. அதனால் நடையில் குறை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது குடியாத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அவர் நடக்கப் பழகுவதற்கு முன்பே அப்பா குடும்பத்தோடு பெங்களூர் வந்துவிட்டார். மர்பி டவுனில் வீடு. தண்டு என்கிற கண்டோன்மென்ட் பக்கம் ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரியின் பங்களாவில் அப்பாவுக்குத் தோட்ட வேலை, அம்மாவுக்குப் பாத்திர வேலை. நான் பிறந்ததும் மர்பி டவுனில்தான். அக்காவுக்கும் எனக்கும் ஆறு வயது வித்தியாசம்.

பத்து வயதிலேயே அக்காவுக்கும் பங்களாவில் ஒரு வேலை கொடுத்தார்கள். தினமும் காலையில் ஜாடிகளில் பூ மாற்ற வேண்டும். பூவை நெருக்கி அடைத்தால் அந்த வீட்டு அம்மாளுக்குப் பிடிக்காதாம். இரண்டு பூவுக்கு நடுவில் காற்று போக வேண்டும், இலை தெரிய வேண்டும், ஒன்று உயர்ந்தால் ஒன்று தாழ வேண்டும். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. தப்பாக வைத்தால் அந்த அம்மாள் முகம் சுளிப்பார், சரியாக வைத்தால் பேசாமல் போய்விடுவார். அந்த முகத்தைப் பார்த்தே அக்கா பழகிக்கொண்டார்.

சுதந்திரம் வந்தது. ஊரெல்லாம் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள். நானும் வாங்கித் தின்றேன். பங்களாக்காரர்கள் கப்பலேறிப் போனார்கள், கதவில் பூட்டு விழுந்தது, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரே நாளில் வேலை போயிற்று. ஒரு வாய் குறையட்டும் என்று அந்த வருஷமே அக்காவை மாமாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அல்சூர் மரக்கடை ஒன்றில் மாமாவுக்கு வேலை. கோயிலில் பத்து நிமிஷக் கல்யாணம். தன் கழுத்தில் தாலி ஏறியபோது குனிந்த தலை நிமிரவில்லை, தரையில் கிடந்த ஒரு வாழைப்பழத் தோலைத்தான் பார்த்தேன் என்று அக்கா பிறகு சொல்லிச் சிரிப்பார்.

மாமாவின் சம்பளம் இரண்டு வீட்டுக்குப் போதாது. மரக்கடையில் மூங்கில் கிடைத்தது. அக்கா மூங்கிலைப் பிளந்து சட்டம் கட்டி, அதில் பூ வைத்து மணவறை அலங்காரம் செய்ய ஆரம்பித்தார். அதுவரை எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மணவறை என்றால் நான்கு மூலைக்கு வாழை மரம், மாவிலைத் தோரணம், இடைவெளி தெரியாமல் சுற்றிய பூச்சரம், அவ்வளவுதான். அக்கா பங்களாவில் பழகிய மாதிரி இடம் விட்டு இடம் விட்டு வைத்தார். அல்சூரில் முதல் கல்யாணத்திலேயே பெண்ணின் அப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

“இன்னாம்மா, பூ பத்தலியா? ஊடால ஊடால காலியா கீதே.”

“காலியா இல்லீங்க. பொண்ணு வந்து உக்காந்தா ரொம்பிடும்,” என்றார் அக்கா.

பெண் வந்து உட்கார்ந்தாள். மாப்பிள்ளையும் உட்கார்ந்தார். அந்த மனிதர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எங்களுக்கு இரண்டு டம்ளர் காபி கொடுத்தனுப்பினார். அதற்குப் பிறகு அக்காவுக்கு வேலை தேடிப் போக வேண்டிய அவசியம் வரவில்லை. லிங்கராஜபுரத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களும் கூப்பிட்டார்கள். அங்கே வெள்ளைப் பூவும் பச்சை இலையும் மட்டும் போதும் என்பார்கள். அதுவும் அக்காவுக்குக் கைவந்தது.

இந்த வேலை எப்படிப்பட்டது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. காலையில் சிட்டி மார்க்கெட்டில் பூ வாங்கி, வீட்டு முற்றத்தில் சட்டத்தில் கட்டி, ஈரச் சாக்கு போட்டு மூடி, ஜட்கா வண்டியில் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். உள்ளே போவது பின்வாசல் வழி. நல்ல நாளில் இரண்டு மூன்று கல்யாணம் இருக்கும். ஒன்று முடிந்ததும் அடுத்ததற்கு ஓட வேண்டும் என்பதால், பூ வேலைக்காரர்கள் யாரும் முகூர்த்தம் வரை நிற்பதில்லை. அது எங்கள் தொழிலில் வழக்கமாகவே ஆகிவிட்டது. ஈரச் சாக்கை மடித்து எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகவே வந்துவிடுவோம். வண்டி தெருமுனை திரும்பும்போது பின்னால் கெட்டிமேளம் கேட்கும்.

ஒருநாள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அக்கா சொன்னார்: “ஒரு கல்யாணத்தையாவது முன்னாடி நாற்காலில உக்காந்து, தாலி கட்றத பாத்துட்டு வரணும்டீ.”

எல்லாக் கல்யாணத்திலும் அதே மூன்று முடிச்சுதானே, அதில் பார்க்க என்ன இருக்கிறது, எனக்குப் படுக்க ஒரு பாய் கிடைத்தால் போதும் என்றேன். நான் எப்போதும் சலித்துக்கொள்கிறவள். மர்பி டவுனில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த ஆசை அக்காவை விட்டுப் போகவில்லை. வருஷத்துக்கு ஒரு முறையாவது அதைப் பற்றிப் பேசுவார்.

அது நிறைவேற வேண்டிய நாளும் ஒன்று வந்தது. அதை நான் கெடுத்தேன். இதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம். அந்த வீட்டம்மாள் தாம்பூலத் தட்டும் குங்குமமுமாக வந்து, பூ வேலை செய்தாலும் வேலைக்காரியாக வரக் கூடாது, முன் வரிசையில் உட்கார வேண்டும் என்று அக்காவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போனார். அக்கா தன் ஒரே பட்டுப் புடவையை எடுத்து வெயிலில் போட்டார். அன்றைக்கே லிங்கராஜபுரத்தில் சர்ச் கல்யாணம் ஒன்றும் இருந்தது. அதை நான் பார்த்துக்கொள்வது, அக்கா அல்சூர் சத்திரத்தில் சட்டங்களை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடுவது என்று ஏற்பாடு. வாசலில் இரண்டு ஜட்கா. எல்லாச் சட்டத்தின் மேலும் ஈரச் சாக்கு. எனக்குத் தூக்கக் கலக்கம். சாக்கைத் தூக்கிப் பார்க்காமல் ஏற்றச் சொல்லிவிட்டேன்.

சர்ச்சில் சாக்கைப் பிரித்தால் மஞ்சள் சாமந்தியும் சிவப்பு ரோஜாவும். நடுவில் மாவிலையும் தேங்காயுமாகக் கலசம். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பாதிரியார் நல்லவர். கலசத்தை மட்டும் எடுத்துவிடு அம்மா, பூ ஆண்டவருடையதுதான் என்றார். அங்கே அப்படிப் பிழைத்தேன்.

அல்சூரில் அப்படி இல்லை. பொட்டு நிறம்கூட இல்லாத வெள்ளைப் பூச் சட்டங்களை மணவறையில் பார்த்ததும் பெண்ணின் அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாராம். நல்ல காரியத்துக்கு முழு வெள்ளை ஆகாது என்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம். லிங்கராஜபுரம் போய் மாற்றி வர நேரம் போதாது. அக்கா பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டார். சமையல்கட்டில் மஞ்சள்தூள் வாங்கி அண்டாவில் கரைத்து, வெள்ளைப் பூக் கொத்துகளை ஒவ்வொன்றாக முக்கி எடுத்தார். கோயில் தெருப் பூக்காரிகளிடம் இருந்த கனகாம்பரம் முழுவதையும் அள்ளி வரச் சொல்லி நடுநடுவே கட்டினார். பெண் வந்து உட்காரும்போது மணவறை மஞ்சளும் சிவப்புமாக ஜொலித்ததாம். கெட்டிமேளம் கொட்டியபோது அக்கா கிணற்றடியில் நின்று முழங்கை வரை ஏறிய மஞ்சளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கறையோடு முன் வரிசைக்குப் போக அவருக்குக் கூச்சம். பட்டுப் புடவை அன்றோடு போயிற்று.

வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் நான் வீட்டுக்குப் போனேன். அக்கா சோறு போட்டார்.

“போவுது வுடு. நீயும் மனுஷிதானே. இன்னொரு கல்யாணம் வராமயா பூடும்.”

வந்தன. நூற்றுக்கணக்கில் வந்தன. எல்லாவற்றிலும் பின்வாசல்தான். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை. அமைந்திருந்தால் அங்கேயாவது அக்கா முன்னால் உட்கார்ந்திருப்பார். தை மாதக் குளிரில் ஈரச் சாக்கைத் தோளில் போட்டுப் போட்டு அக்காவுக்கு மூச்சிரைப்பு வந்தது. வாழை நார் அறுத்து விரல்கள் வெடித்திருந்தன. குழம்புச் சோறு பிசையும்போது எரியும், ஸ்பூன் கேட்பார். அப்பா, அம்மா இருவரையும் கடைசி வரை வைத்துக் காப்பாற்றினார். ஒரே மகள் வசந்தாவைப் படிக்க வைத்தார். யாரையும் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. தெம்பு இருந்திருந்தால் பேசியிருப்பாரோ என்னவோ.

போன வருஷம் தை மாதத்தில் வசந்தாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அதற்குள் அக்காவுக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு முட்டும் நிலைமை. டாக்டரம்மா பூ, ஈரம் எதையும் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாங்கள் எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்தோம்: இந்தக் கல்யாணத்தில் அக்கா முன்னால் உட்கார்ந்து தாலி கட்டுவதைப் பார்த்தே ஆக வேண்டும். எங்கள் தொழில்காரர்களே அல்சூரிலிருந்து வந்து, அக்கா மேல் வைத்த பிரியத்தில் மணவறையை அவர் கட்டும் மாதிரியே இடம் விட்டுக் கட்டிக் கொடுத்தார்கள். அன்றைக்கு அவர்களுக்கும் வேறு கல்யாணம் இருந்தது. வழக்கம்போல முகூர்த்தத்துக்கு முன்பே கிளம்பிவிட்டார்கள்.

தாரை வார்க்கும்போது மட்டும் அக்காவைக் கைத்தாங்கலாக மேலே ஏற்றி இறக்கினோம். பிறகு முன் வரிசையில், மணவறைக்கு நேராக, கைப்பிடி வைத்த நாற்காலியில் உட்கார வைத்தோம். கெட்டிமேளம் கொட்டியது. தாலி ஏறியது. அட்சதை விழுந்தது. அக்காவின் கண் கலங்கியிருந்ததை எல்லாரும் பார்த்தோம். மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பாத்தியாம்மா?” என்று வசந்தா கேட்டாள். “பாத்தேன்,” என்றார் அக்கா.

அதற்குப் பிறகு நான்கு மாதம் இருந்தார். நாற்பது வயது நிறையவில்லை. கடைசி வாரம் படுக்கையிலேயே இருந்தார். தூக்கம் நன்றாக வருகிறது என்று சொன்னார். ஒரு மத்தியானம் அப்படியே போய்விட்டார். நன்றாகத் தூங்கட்டும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

இந்தக் கட்டுரைக்காகப் போன மாதம் வசந்தாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். அம்மாவின் ஆசை உன் கல்யாணத்திலாவது நிறைவேறிற்று என்று எழுதப்போகிறேன் என்றேன்.

“அம்மா பாக்கல சித்தி. நா மணையில இருந்து அம்மாவத்தான் பாத்துனு இருந்தேன். எடது பக்கத் தூணுல பூ சரிஞ்சினு இருந்திச்சி. அதையே பாத்துனு இருந்தாங்க. அட்சதை போட்டப்புறந்தான் என் பக்கம் திரும்புனாங்க.”

பார்த்தேன் என்று அம்மா சொன்னதும் தானும் சரி என்று விட்டுவிட்டதாகச் சொன்னாள். தான் அதைக் கவனித்தது அம்மாவுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்றுதான் அன்றைக்கு அவளுக்குக் கவலையாம்.

அக்கா நோயில் விழுந்த நாளிலிருந்து வீட்டுக்கே வந்து பார்த்த டாக்டரம்மாவுக்கும், முறை வைத்துக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த மர்பி டவுன் பெண்களுக்கும், கடைசிப் பயணத்தில் தோள் கொடுத்தவர்களுக்கும், கூப்பிடாமலே கூடை கூடையாகப் பூ கொண்டுவந்து போட்ட சிட்டி மார்க்கெட் வியாபாரிகளுக்கும், லிங்கராஜபுரத்திலிருந்து வந்து ஜெபம் செய்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. வசந்தாவின் மணவறையைக் கட்டிக்கொடுத்தவர்கள் மேல் எந்தக் குறையும் இல்லை. ஆணியில் கட்டிய நார் நழுவுவது யார் கையிலும் நடக்கும்.

வசந்தாவிடம் அன்றைக்கு வாய்விட்டுச் சொல்ல முடியாததை இங்கே எழுதிவிடுகிறேன். அந்த இடது பக்கத் தூணுக்குப் பக்கத்தில் நின்றவள் நான்தான். பூ சரிவதை நானும் பார்த்தேன். கையை நீட்டினால் எட்டும் தூரம். இருபது வருஷத்தில் இந்த ஒரு நாளாவது பூவைத் தொடுவதில்லை என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நான் ஒரு முடிச்சுப் போட்டிருந்தால் அக்கா தாலி முடிச்சைப் பார்த்திருப்பார். அக்காவும் என் பக்கம் திரும்பி, அதைச் சரி செய் என்று ஜாடை காட்டவில்லை. காட்டியிருந்தால் செய்திருப்பேன். என்னை ஒரு நாள் சும்மா நிற்க விட்டுவிட்டு, அதை அவரே பார்த்துக்கொண்டிருந்தார்.