பிரிட்ஜ் குளிரவில்லை என்று கூப்பிட்ட வீடுகள்

வீட்டில் பால் திரிந்த பிறகுதான் பிரிட்ஜ் மெக்கானிக்கின் ஞாபகம் எல்லோருக்கும் வரும். ராஜபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் நடுவே பத்தொன்பது வருடமாக ஓடுகிறேன். என்னைப் போல் டூல்ஸ் பையோடு அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் குத்தவைத்தவர்களுக்கு இது புரியும்.

மீட்டரை எடுக்காத நாள்

திருவில்லிபுத்தூரில் ஒரு தையல்காரர். அவருடைய பத்து வயது மகளுக்குத் தினமும் இன்சுலின் போட வேண்டும். சித்திரை வெயில். கம்ப்ரஸர் ‘டிக்’கென்று ஒரு சத்தம் கொடுத்து நின்றது. கரண்ட் ஓட்டம் பார்க்கும் மீட்டரை நான் எடுக்கவே இல்லை. “கம்ப்ரஸர் போச்சுண்ணே. புதுசு வர மூணு நாளாகும்” என்று சொல்லிவிட்டேன். அவர் மருந்துப் புட்டிகளை ஈரத்துண்டில் சுற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினார். வீடு பூட்டியிருந்தது.

திரும்பி வந்த அப்பாவிடம், “மருந்து கெட்டுப்போனா எனக்கு என்னப்பா ஆகும்?” என்று பிள்ளை கேட்டாள். அப்போதுதான் மீட்டரை வைத்துப் பார்த்தேன். கம்ப்ரஸருக்கு ஒன்றுமில்லை. அதைக் கிளப்பிவிடும் ரிலே எரிந்திருந்தது. என் பையிலேயே ஒன்று கிடந்தது. மாட்டியதும் பிரிட்ஜ் ஓடியது. தையல்காரர் என்னைத் திட்டவில்லை. புட்டிகளை உள்ளே அடுக்கிக்கொண்டே சொன்னார்: “தம்பி, இதை மொதல்லயே பாத்திருக்கலாமே.”

கத்தித் தடம்

கூமாப்பட்டியில் ஒரு வீடு. பிரீஸரில் ஐஸைக் கத்தியால் பெயர்த்திருக்கிறார்கள். குழாய் ஓட்டையாகி கேஸ் முழுக்க வெளியேறிவிட்டது. “யாரு கத்தி வச்சது?” என்றேன். மாமியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மருமகள் தலையைக் குனிந்துகொண்டு, “நான்தாண்ணே” என்றாள். ஐஸைத் தானாக உருகவிட வேண்டும் என்று அவளுக்கு நீளமாக வகுப்பெடுத்தேன். கேட்டுக்கொண்டே நின்றாள்.

ஓட்டையை அடைத்து, கேஸ் ஏற்றிவிட்டு வண்டியை எடுக்கும்போது மாமியார் தெருவரைக்கும் வந்தார். கண் கலங்கியிருந்தது. “குத்துனது நான்தாம்யா. அவ எதுக்கு ஒத்துக்கிட்டான்னு இப்பம் வரைக்கும் எனக்குத் தெரியல.”

டப்பாக்கள்

ராஜபாளையத்தில் ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு ஒருவர். மனைவி இறந்து இருபது நாள். “கீழ்த் தட்டு குளிரவே இல்ல” என்று கூப்பிட்டிருந்தார். திறந்தால் இண்டு இடுக்கில்லாமல் தூக்குவாளியும் டப்பாவும். துக்கம் விசாரிக்க வந்த சொந்தக்காரர்களும் அக்கம்பக்கமும் கொண்டுவந்து கொடுத்த சாப்பாடு. குளிர்காற்று வரும் வழியை டப்பாக்கள் அடைத்திருந்தன. மிஷினில் ஒரு பழுதும் இல்லை.

இரண்டு பேருமாக ஒவ்வொன்றாக வெளியே எடுத்தோம். எது யார் வீட்டுப் பாத்திரம் என்று பெயரோடு சொன்னார். பாதி ஊசிப்போயிருந்தது. “கழுவித் திருப்பிக் குடுத்துருங்கய்யா” என்றேன். அவர் ஒரு தூக்குவாளியின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். “பாத்திரத்தக் கேட்டாச்சும் நாலு பேரு வருவாகன்னுதான் தம்பி வச்சிருந்தேன்.”

எந்த பிரிட்ஜையும் எப்படியாவது குளிர வைத்துவிடுகிறேன். வீட்டுக்காரர்கள் கடைசியாகச் சொல்கிற வார்த்தையைக் கேட்டதும் ஒவ்வொரு தடவையும் அவசரமாக வண்டியைக் கிளப்புகிறேன்.