பின்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்

போன ஞாயிற்றுக்கிழமை என் கணவர் என் காரில் ஏறினார். இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? மூன்று மாதமாக அதன் பக்கமே வராதவர் அவர்!

கார் என்னைவிட மூத்தது. சிவப்பு நிறம், இரண்டே சீட், பழைய ஸ்போர்ட்ஸ் கார். ஒரு மழைநாளில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் திரும்பிக்கொண்டிருந்தோம். தேங்கிய தண்ணீரைத் தாண்டியதும் பிரேக் அடித்தேன். பின்னாலிருந்த டிரம் பிரேக் நனைந்து, ஒரு சக்கரத்தில் மட்டும் பிடித்துவிட்டது. கார் ஒரு சுற்றுச் சுற்றி... வந்த திசையைப் பார்த்து நின்றது. இருவருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் அவர் கதவைத் திறந்து ரோட்டில் இறங்கிவிட்டார்.

"வித்துரு ஏட்டி. இனி இதுல நான் ஏற மாட்டேன்."

விற்பதா? மறுநாளே லேத் பட்டறை காதர் பாயிடம் போய் நின்றேன்.

"முன்னாடி மாதிரி பின்னாடியும் டிஸ்க் போட்டுருவோம்க்கா, நனைஞ்சாலும் ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல பிடிக்கும். ஆனா அதைத் தாங்குற பிராக்கெட் இந்த வண்டிக்குக் கடையில கிடைக்காது, நாமதான் செய்யணும்."

முதல் பிராக்கெட்டில் துளை ஒரு நூல் தள்ளிப்போய், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் அதிலேயே உரசியது. இரண்டாவது கச்சிதம்! வீட்டு ஷெட்டில் நானே மாட்டினேன் — ஹேண்ட் பிரேக் கேபிள் உட்பட.

மிச்சமிருந்தது ஒரே வேலை. பிரேக் பைப்பிலுள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தருகே உள்ள நிப்பிள் திருகைத் திறந்து மூட வேண்டும். வீட்டிலிருந்ததோ நாங்கள் இருவர்தான்.

"ஏங்க, செத்த நேரம் பெடலை மிதிக்கியளா?"

"வண்டி நின்ன இடத்துலதான நிக்கும்?" என்று உறுதி செய்துகொண்டு ஏறினார்.

"மிதிங்க... அப்படியே புடிங்க... விடுங்க."

"அம்புட்டுதானா?"

"இன்னும் இருக்கு!"

நாலு சக்கரத்துக்கும் ஆனது. பஞ்சு மாதிரி அமுங்கிய பெடல் மெல்ல மெல்ல இறுகியது. திடீரென்று உள்ளிருந்து ஒரு கத்தல்:

"ஏட்டி! பெடல் கல்லு மாதிரி நிக்கி!"

சக்கரத்தடியிலிருந்து எழுந்து பார்த்தேன். முகமெல்லாம் சிரிப்பு. "நீ அந்தப் பக்கம் உக்காரு" என்றார்.

தெருவில் மெதுவாக ஓட்டிப் பிரேக்கைச் சோதித்துவிட்டு, செண்பகத்தோப்புச் சாலைக்குப் போனோம். முன்னும் பின்னும் யாரும் இல்லை. வேண்டுமென்றே ஒரு குட்டைத் தண்ணீரில் இறக்கி, ஏறியதும் பிரேக் அடித்தார். நான் சீட்டை இறுகப் பிடித்தேன். கார் நூல் பிடித்தாற்போல் நேராக நின்றது!

"இன்னொரு தடவை பாப்போமா?" என்றார். ஆறு தடவை பார்த்தோம்.

பயந்தவருக்கு எவ்வளவு சமாதானம் சொன்னாலும் காதில் ஏறுவதில்லை. வேலையில் பாதியை அவர் காலடியில் கொடுத்துவிட்டால்... பயம் தானாக இறங்கிவிடுகிறது.

ஒரே சிக்கல் — அன்றிலிருந்து கார் சாவி அவர் பாக்கெட்டில்தான் இருக்கிறது!