அடிபம்புக்கு எதிரே ஒரு புல்தரை

வீட்டுக்கு முன்னால் புல்தரை போடலாம் என்று போன வாரம் நீங்கள் கேட்டீர்கள். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். காரணம் வாயில் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளில் மழை இல்லாத ஒரு வருஷம். காரிமங்கலம் பக்கம் ஒரு கம்பெனி பங்களாவில் தோட்ட வேலை பார்த்தேன். உங்களில் பெரியவன் பிறக்கும் சமயம் என்பதால் உங்கள் அம்மா மாரண்டஹள்ளியில் தாய் வீட்டில் இருந்தாள். பங்களாவுக்குப் பின்னால் ஓர் அறையில் நான் தனியாகக் கிடந்தேன்.

முன்பக்கம் தானாக முளைத்திருந்த அருகம்புல்லை வேரோடு கொத்தி எடுக்கச் சொன்னார் மேனேஜர். மழை இல்லாவிட்டாலும் சாகாத புல் அது. அந்த இடத்தில் பெங்களூரிலிருந்து வந்த புல்லைப் பதித்தோம். அதற்குக் காலையும் மாலையும் போர் மோட்டார் ஓட வேண்டும். உரம், பூச்சிமருந்து வேறு.

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஊர் அடிபம்பு. அங்கே தண்ணீருக்கு வரும் ஒரு அக்கா, இரண்டு மாடு வைத்திருந்தவர், வேலியோரம் வந்து நின்றார்.

“ஏந்தம்பி, இது என்னா பயிரு? எப்ப அறுப்பீங்க?”

“பயிரு இல்லீங்கக்கா. சும்மா பாக்கறதுக்கு.”

“பாக்கறதுக்கா? அப்ப எம்மாட்டையும் ஓட்டியாறன். அதுவும் செத்த நேரம் பாக்கட்டும்.”

பம்படியில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். வெட்டிப்போடும் புல்லையாவது கொடு என்றார் அக்கா. மருந்தடித்தது, மாட்டுக்கு ஆகாது என்றேன். அதை நான் குழியில் கொட்டி மூடியதைப் பார்த்த பிறகு அவர் சிரிக்கவில்லை.

வெயில் ஏற ஏற அடிபம்பில் காற்றுதான் வந்தது. “உங்க மோட்டாராலதான்” என்றார்கள் பம்புக்கு வந்தவர்கள். “எங்க போர் ரொம்ப ஆழங்க, இது வேற தண்ணி” என்றேன். மேனேஜர் சொன்னதைத்தான் சொன்னேன். நம்பித்தான் சொன்னேன்.

ஒரு நாள் காலையிலிருந்தே கரண்ட் இல்லை. மத்தியானம் பம்பில் தண்ணீர் விழுந்தது. சாயங்காலம் கரண்ட் வந்து மோட்டார் போட்டேன். கொஞ்ச நேரத்தில் பம்பின் கைப்பிடி வெறுமனே லொடலொடத்தது. மறுநாளும் கவனித்தேன். அதேதான்.

யாரிடமும் சொல்லவில்லை. பிரசவ நேரத்தில் வேலை போய்விடுமே என்று பயம்.

சர்ச்சில் ஞாயிறு பூசையில் ஒருவருக்கொருவர் கைகூப்பி சமாதானம் சொல்வோம் இல்லையா? அந்த ஊர் சர்ச்சில் அப்படி நான் திரும்பினேன். பக்கத்தில் இருந்தவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். முன்னால் இருந்தவரும் என்னைப் பார்க்கவில்லை. கூப்பிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தேன். அடுத்த ஞாயிறும் அப்படித்தான். அந்த நாட்களில் என்னோடு பேசிய ஒரே ஆள் மேனேஜர். அவரும் புல்லைப் பற்றித்தான் பேசுவார்.

அதற்கடுத்த சந்தை நாள். அக்கா இரண்டு மாட்டையும் ஓட்டிக்கொண்டு வந்தார். ஒரு மாடு வேலிக்குள் கழுத்தை நீட்டியது. மருந்துப் புல் ஆயிற்றே என்று ஓடிப்போய் விரட்டினேன்.

“உடு தம்பி. பாத்துட்டுப் போவட்டும். தண்ணி இல்லாம எங்க வெச்சிக் காப்பாத்தறது? சந்தைக்குத்தான் போவுது.”

அப்போதுதான் வாய் திறந்தது.

“எங்க மோட்டாராலதாங்கக்கா. எனக்கு ரெண்டு வாரமாத் தெரியும்.”

அவர் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. மாட்டைத் தட்டி ஓட்டிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து நான் மோட்டார் போடவில்லை. பம்பில் தண்ணீர் வந்தது. புல் பழுத்தது. அந்த வாரமே மேனேஜர் என்னை நிறுத்திவிட்டார்.

ஞாயிறன்று சமாதானம் சொல்லும்போது பக்கத்தில் இருந்தவர் என் பக்கம் திரும்பினார். பெண்கள் பக்கத்திலிருந்து அந்த அக்காவும் கை கூப்பினார். என்னால்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மாடு போன பிறகுதானே சொன்னேன்.

பூசை முடிந்ததும் பஸ் ஏறினேன். வேலை பிடிக்கவில்லை, வந்துவிட்டேன் என்று உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை. இதை அவளுக்கும் படித்துக் காட்டுங்கள்.