கேட்டுக்கு வெளியே நின்ற அப்பா

பெங்களூர் ஹெப்பகோடியில் ஒரு அபார்ட்மெண்டில் நான் வாட்ச்மேன். ஞாயிறுதோறும் ஒருவர் மகளைப் பார்க்க வருவார். மனைவியும் மகளும் இங்கே, அவர் தனியாக பசவனகுடியில். வாரத்துக்கு ஒரு மணி நேரம் பார்க்கலாம் என்று கோர்ட்டில் சொல்லியிருந்தார்கள்.

ஒல்லியான ஆள், அதிகம் பேசமாட்டார். அந்தக் குழந்தைக்கு வேர்க்கடலை ஆகாது. தூள் பட்டாலே தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடுமாம். அதனால் கேட்டுக்கு வெளியே உள்ள குழாயில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, பையில் இருக்கும் துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே போவார்.

கார்த்திகையில் அவர் ஏரியாவில் கடலைக்காய்த் திருவிழா, தெருவெல்லாம் வேர்க்கடலைக் குவியல். அந்த ஞாயிறும் வந்தார். கழுவினார், சட்டை மாற்றினார். கையை மோந்து பார்த்துவிட்டு மறுபடி கழுவினார். கை சிவந்துவிட்டது. பிறகு வேறு யாருடைய கையோ என்பதுபோல அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உள்ள போங்க சார், பாப்பா காத்துக்கினு இருக்குது."

"பஸ்ஸு பூரா கடலைத் தோலுண்ணா. எம்மேல எங்க ஒட்டியிருக்குன்னே தெரியல."

"குளிக்காத கொறையா கழுவிட்டீங்களே!"

"தலைமுடியில இருந்தா?"

அதற்குள் குழந்தை "அப்பா" என்று ஓடிவந்தது. அவர் சிரித்தார். சிரித்த முகம் மாறாமல், "கேட்டை சாத்துங்கண்ணா" என்றார். சாத்தினேன். குழந்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு கையை நீட்டியது.

அவர் பின்பக்கமாகவே நடந்தார். தூக்க வருகிறவர்போல இரண்டு கைகளும் விரிந்திருந்தன. கால் மட்டும் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. குழந்தை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது.