காஸ் பூட்டின அண்டே கற்பூரம்

ஒரு மாதிரி, இண்டைக்கு பாரிசுக்குப் பக்கத்திலை இருக்கிற எங்கட ஆர்ஜொந்தெய் வீட்டிலை, வீட்டைச் சூடாக்கிற எண்ணெய்ச் சொஃபாஜைக் கழட்டிப்போட்டு காஸ் பூட்டியாச்சு. இனி எண்ணெய் லொறிக்குக் காவல் இருக்கத் தேவையில்லை. உடுப்பெல்லாம் எண்ணெய் மணக்காது.

பூட்ட வந்த பிரெஞ்சுக்காரன் காஸைத் திறந்துபோட்டு, "கசிவு இருக்கோ எண்டு பாக்கவேணும், கருவியை எடுத்துக்கொண்டு வாறன்" எண்டு வெளியிலை விட்டிருந்த தன்ர வானுக்குப் போனான். நானும் பின்னாலை போனன்.

திரும்பி வந்தால், மனுசி புதுக் காஸ் பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைச்சு, லாச்சப்பல் தமிழ்க் கடையிலை வாங்கின கற்பூரத்தைக் கொளுத்திக் காட்டிக்கொண்டு நிக்கிறா!

அவன் கத்தின கத்திலை பக்கத்து வீட்டு நாயே குலைச்சுது. பாய்ஞ்சு வந்து ஒரே ஊதிலை நூத்துப்போட்டான்.

பிறகு மூலை முடுக்கெல்லாம் கருவியை வைச்சுப் பாத்தான். ஒரு கசிவும் இல்லை. அப்பதான் எனக்கு மூச்சே வந்தது.

இப்ப வீடு நல்ல இதமா இருக்கு. மனுசிதான் முகத்தை நீட்டிக்கொண்டு இருக்கிறா. "சாமிக்குக் காட்டின கற்பூரத்தை வாயாலை ஊதி நூக்கிறதோ? அவனைக் கூப்பிட்டு எல்லாத்தையும் கழட்டித் திரும்பப் பூட்டச் சொல்லுங்கோ."

அவனுக்கு ஃபோன் எடுத்து இதைப் பிரெஞ்சிலை விளங்கப்படுத்த ஆராவது வாறியளோ?