ஜெகதீஸ்வரி டீச்சரின் புகைப்பெட்டி

தொண்ணூற்றாறில் கொழும்பில் மழையும் இல்லை, மின்சாரமும் இல்லை. வெள்ளவத்தையில் மாடி அறையொன்றில் இரசாயன டியூசன் நடத்திய ஜெகதீஸ்வரி டீச்சருக்குத் தாராளமாகக் கிடைத்தது ஒன்றுதான்: கீழ்க்கடை றவூப் நானாவின் ஜெனரேட்டர் புகை. பிள்ளைகள் தலையிடியென்று மேசையில் கவிழ்ந்தார்கள்.

“நானா, உங்கட மெசினால என்ர வகுப்பே சாகப்போகுது.”

“நான் என்ன செய்ய டீச்சர்? ஐஸ்கிறீம் உருகினா என்ட யாவாரம் சாகும்.”

அறையும் அவருடையதுதான். அதனால் அவள் சண்டையை விட்டு இரசாயனத்தைப் பிடித்தாள். கார்களில் புகையைச் சுத்தமாக்கப் பூட்டும் பெட்டி நன்றாகச் சூடேறினால்தான் வேலை செய்யும். இங்கே குழாய் நுனிக்கு வரும்போதே புகை ஆறிவிடும். ஆறின புகையிலும், தலையிடி தரும் நச்சுவாயுவான காபனோரொட்சைட்டை விழுங்கக்கூடிய ஊக்கி ஒன்று இருந்தது: மங்கனீசீரொட்சைட்டும் செம்பு ஒட்சைட்டும் கலந்த கறுப்புத் தூள். செம்பை மயில்துத்தத்திலிருந்து எடுத்தாள். மற்றதைப் பழைய டோர்ச் பற்றரிகளை உடைத்து எடுத்தாள்.

யுத்தகாலக் கொழும்பில், யாழ்ப்பாணத்து அடையாள அட்டை வைத்திருக்கும் ஒரு பெண் வீடுவீடாய்ப் பற்றரி சேர்ப்பதில் பிசகு இருப்பதாக அவளுக்குப் படவேயில்லை.

தூளை அடைத்த தகரப் பெட்டியை ஜெனரேட்டர் குழாயில் பூட்டிய மறுநாள் பொலிஸ் வந்து தெருவை வெறுமையாக்கியது. குண்டு பிரிக்கும் அதிகாரி மூச்சை அடக்கிக்கொண்டு பெட்டியைத் திறந்தார். தூள் அவர் முகமெல்லாம் அப்பியது.

“மேக்க மொகக்த?” இது என்னவென்று கேட்டார்.

அரைகுறைச் சிங்களத்தில் முழுப் பாடமும் நடத்தினாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இது வேலை செய்கிறதா என்றார்.

அவளுக்கு முகம் கறுத்தது. கொஞ்ச நேரம் செய்தது. பிறகு புகையிலுள்ள நீராவி தூளை நனைத்துப் பாழாக்கிவிட்டது. பயங்கரவாதி என்று ஏசியிருந்தாலும் பொறுத்திருப்பாள். பரிசோதனை பிழைத்துப்போனதைப் பொலிசுக்கு முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்ததே.

இருந்தும் அவளை ஏற்றிக்கொண்டு போனார்கள். பின்னேரம் றவூப் நானா பொறுப்புக் கையெழுத்து வைத்து அவளை மீட்டார்.

“உங்களுக்காக மட்டுமில்ல டீச்சர். மெசினுக்கும் சீல் வெச்சிட்டானுங்க, அதையும் கழட்டணுமே.”

அடுத்த முறை குழாயைத் தண்ணீர் வாளிக்குள் சுற்றியெடுத்து ஈரத்தை வடித்தாள். மிச்ச ஈரமும் காயும்படி பெட்டியைச் சூடான சைலன்சரோடு ஒட்டிவைத்தாள். தூள் நனையவில்லை, வகுப்பில் தலையிடியும் குறைந்தது.

றவூப் நானா பெருமையோடு பெட்டியில் ‘குண்டு அல்ல’ என்று மும்மொழியிலும் எழுதினார். ரோந்து வந்த கான்ஸ்டபிள் வாசித்துப் பார்த்துவிட்டு, தமிழில் உள்ளதை மட்டும் அழிக்கச் சொன்னார். அதுதான் சந்தேகமாக இருக்கிறதாம்.