முதல் ஓலையோடு நின்ற கல்யாணம்

என் அலமாரியில் ஒரு பட்டுப்புடவை இருக்கிறது. சந்தன நிறம், அரக்குக் கரை. ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் அப்பா கடை கடையாக ஏறி இறங்கி, கடைக்காரர்களையெல்லாம் படுத்தி எடுத்து வாங்கியது. மடிப்புகளில் ஜரிகை கறுத்துவிட்டது. அவ்வப்போது நிழலில் காற்றாட விரித்து வைப்பேன். விரித்தவுடன் எனக்கு நினைவுக்கு வருவது, காஜா பேராங்கில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் அக்காவுக்கு ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமைதான்.

மெர்டேக்கா, அதாவது நாட்டின் சுதந்திரம், நெருங்கிக்கொண்டிருந்த சமயம். புக்கிட் ரம்பாயிலிருந்து நல்ல மாப்பிள்ளை அமைந்திருந்தார். எங்களில் ஒரு கல்யாணம் நிச்சயமானால், மூன்று ஞாயிறு பூசையில் பங்குச்சாமியார் ஓலை வாசிப்பார்; இரு வீட்டார் பெயரையும் சொல்லி, "இதற்கு விக்கினம் உண்டென்று அறிந்தவர்கள் அறிவிக்கக் கடவார்கள்" என்பார். எந்தக் காலத்திலும் யாரும் எதையும் அறிவித்ததில்லை. அன்று முதல் ஓலை வாசித்து முடிந்ததும் அப்பா பெருமையாக மீசையைத் தடவிக்கொண்டார். பூசை முடிந்ததும் அக்கா முக்காடு நழுவாமல் நேராகச் சாமியாரின் அறைக்குப் போனாள். நானும் பின்னால் ஓடினேன். "விக்கினம் இருக்கு சாமி. நான்தான் விக்கினம். நான் கன்னியாஸ்திரியாப் போவணும்" என்றாள். ரொம்ப நாளாகவே மனத்தில் இருந்ததாம். கேட்க ஆள் இல்லாததால் சொல்லவில்லையாம். சாமியார் ஊருக்கே பொதுவாகக் கேட்டதை அவள் தன்னிடமே கேட்டதாக எடுத்துக்கொண்டாள். எங்கள் அக்கா அப்படிப்பட்டவள்தான்.

அடுத்த ஞாயிறு பெயர்கள் வாசிக்கப்படவில்லை. கோயில் முழுக்கத் தலைகள் எங்கள் பெஞ்சை நோக்கித் திரும்பின. வீட்டுக்கு வந்ததும் அப்பா வெடித்தார். "ஊரு முன்னால மலுவாப் போச்சி, மானமே போச்சி! நாட்டுக்கு மெர்டேக்கா கெடைக்கிறதுக்கு முன்னாடியே இவளுக்குக் கெடைச்சிருச்சி லா!"

அக்கா அசரவில்லை. "தெனமும் ஜெபமாலையில தேவ அழைத்தல் பெருகணும்னு நீங்கதானேப்பா வேண்டிக்கிறீங்க?"

"அது மத்தவங்க வூட்டுப் பிள்ளைங்களுக்கு!"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்கு அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது. அன்றோடு அவர் அக்காவிடம் பேசுவதை நிறுத்தினார். மடத்துக்குப் போக அவளுக்கு அவர் அனுமதி தேவையில்லை, வயது வந்தவள். ஆனால் அப்பா நெற்றியில் சிலுவை போடாமல் எங்கள் வீட்டில் யாரும் பரீட்சைக்குக்கூடப் போனதில்லை. புறப்படும் காலையில் அக்கா அவர் முன்னால் முழந்தாளிட்டாள். அவர் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே, "போறவ போவட்டும்" என்றார். அன்றுதான் அக்கா அழுது பார்த்தேன். அப்பாவின் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள், திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் காலத்தில் துறவற உடுப்பு வாங்கும் நாளில், பெண்கள் மணப்பெண்ணாகச் சோடித்துக்கொண்டு பீடத்துக்கு நடப்பார்கள். பிறகு உள்ளே போய் அதையெல்லாம் களைந்து, துறவற உடுப்பில் திரும்புவார்கள். சோடனைக்கு மடமே வெள்ளைக் கவுன் இரவல் கொடுத்தது. அக்கா மட்டும், அப்பா எடுத்த புடவைதான் வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினாள். கேட்டதும் அப்பா பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். "அது கல்யாணத்துக்கு எடுத்த பொடவை."

"அவளும் கல்யாணத்துக்குத்தான் கேக்கறா" என்றாள் அம்மா.

நானும் அம்மாவும் மட்டும் மடத்துக்குப் போனோம். வரவேற்பறையில் அக்கா சாதாரணச் சேலையோடு உட்கார்ந்திருந்தாள். மற்றப் பெண்கள் கவுனில் தயாராகிவிட்டார்கள். அவளுக்கும் ஒன்றை ஒரு சிஸ்டர் கையில் வைத்துக்கொண்டு அவசரப்படுத்தினார். "எங்கப்பா வருவாரு சிஸ்டர்" என்றாள் அக்கா, பஸ் வரும் என்பது போல. மணி அடிக்கப் போகும் நேரத்தில் அப்பா வேர்த்து விறுவிறுத்து நுழைந்தார். கக்கத்தில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். அதை அக்காவிடம் நீட்டினார். அக்கா பொட்டலத்தை வாங்குவதற்கு முன் முழந்தாளிட்டாள். சைக்கிள் ஓட்டி வந்த அழுக்கு விரலால் அவர் சிலுவை போட்டார். கறுப்பாக ஒரு தீற்றல் நெற்றியில் விழுந்தது. சிஸ்டர் கைக்குட்டை எடுத்தார். அக்கா துடைக்கவிடவில்லை.

சில வருஷங்களில் அவளைத் தாதியாகப் போர்னியோவுக்கு அனுப்பினார்கள். ஆற்றோரக் கிராமங்களில் பிரசவம் பார்த்தாள். புக்கிட் ரம்பாய் மாப்பிள்ளையும் வேறிடத்தில் கல்யாணம் செய்து, செங் என்ற ஊரில் பிள்ளைகுட்டிகளோடு நன்றாகவே இருந்தார். எனக்குக் கல்யாணம் கூடியபோது அக்காவால் வர முடியவில்லை. மடத்திலிருந்து திரும்பி வந்த புடவையை அப்பாதான் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சம்பந்திகள் கூடியிருந்த கூடத்தில், எல்லார் காதிலும் விழும்படி, "பாத்துக் கட்டும்மா. ஒங்க அக்கா கல்யாணப் பொடவை" என்றார்.

இப்போது பேத்திகள் தொட்டுப் பார்த்து, "ஒங்க கல்யாணப் பொடவையா பாட்டி?" என்று கேட்கிறார்கள். "எங்க அக்காவோடது. நான் இரவல் வாங்கிக் கட்டுனேன்" என்கிறேன்.